முதல் முறை மும்பை: எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும்

மும்பைக்குக் கிளம்புகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ், ஹாஜி அலி, ஜுஹு, நடிகர்களின் வீடுகள். ஆனால் எதை எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று யாரும் எழுதித் தருவதில்லை. இந்த ஊரில் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கைவீசி நடந்த தெருவில் திங்கள் காலை பத்து மணிக்குத் தோளை நுழைக்க இடம் இருக்காது. எலிஃபண்டா, கான்ஹேரி குகைகளுக்குத் திங்கள் விடுமுறை. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதையைக் கடல் ஏறினால் மூடிவிடும். நேரத்தைச் சரியாகப் பிடித்தவருக்கு மும்பை தாராளமாகத் தன்னைக் காட்டும்.

ஊரின் உருவத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கொலாபா, மசகான், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளாக இருந்த இடம் இது. 1661இல் போர்த்துக்கீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீராகப் போனது. 1668இல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. பிறகு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலை மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்து ஒரே நிலமாக்கினார்கள். அதனால்தான் ஊர் தெற்கு வடக்காக ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. பழைய அலுவலகங்கள் தெற்கு முனையில், மக்கள் குடியிருப்பது வடக்கே. காலையில் ஊரே தெற்கு நோக்கி ஓடும், மாலையில் வடக்கு நோக்கி. நீங்கள் போட வேண்டிய திட்டம் எல்லாமே இதற்கு எதிர்த் திசையில்தான்.

படி 1: மாதமும் கிழமையும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழைக்கால மும்பைக்குத் தனி அழகு உண்டு. ஆனால் முதல் முறை போகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கடல் கொந்தளித்தால் எலிஃபண்டா படகு நிற்கும், தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கினால் லோக்கல் ரயில் நிற்கும், போட்ட திட்டம் மொத்தமும் குலையும். விநாயகர் சதுர்த்தியின் பத்து நாள்களில் ஊர் வேறு ஒன்றாகவே மாறிவிடும். லால்பாக் பிள்ளையாரைப் பார்க்கப் பல மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் போங்கள். அந்த நாள்களில் ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிழமையைப் பொறுத்தவரை, சனிக்கிழமை போய்ச் சேர்ந்து புதன் அல்லது வியாழன் கிளம்புவது மிகப் பொருத்தம். ஞாயிறு அன்று பழைய அலுவலகங்கள் நிறைந்த கோட்டைப் பகுதி (Fort) காலியாக இருக்கும். அன்றைக்கு லோக்கல் பாதைகளில் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயில்களை நிறுத்தும் ‘மெகா பிளாக்’ வைப்பார்கள் என்பதால் ரயில் பயணத்தைத் தவிர்ப்பதும் நல்லது. திங்கள் அன்று குகைகள் மூடியிருக்கும், ஆனால் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகும் டப்பாவாலாக்கள் வேலையில் இருப்பார்கள். செவ்வாய் எலிஃபண்டா. புதன் கான்ஹேரி. கீழே வரும் வரிசை இதை ஒட்டியதுதான்.

படி 2: தங்குமிடம்

கொலாபா, கோட்டை, சர்ச்கேட் பகுதிகளில் தங்கினால் கால்நடையாகவே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். வாடகைதான் அதிகம், அறையும் சிறியது. அடுத்த தேர்வு தாதர், மாட்டுங்கா. மேற்கு, மத்திய ரயில் பாதைகள் இரண்டும் தாதரில் சந்திப்பதால் எங்கே போகவும் வசதி. இப்போது ஆரேயிலிருந்து விமான நிலையத்தின் இரண்டு முனையங்களையும் தொட்டுக்கொண்டு தெற்கே கஃப் பரேட் வரை சுரங்க மெட்ரோ ஓடுகிறது. அந்தப் பாதையில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தாலும் நல்லது. ‘நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்று விடுதிக்காரர் சொன்னால், நடந்தா ஆட்டோவிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோ பற்றியும் ஒன்று. பாந்த்ரா, சயான் பகுதிகளுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். இரண்டிலும் மீட்டர் போட்டு ஓட்டுவதே இந்த ஊரின் வழக்கம், பேரம் பேச வேண்டியதில்லை.

படி 3: லோக்கல் ரயில்

இதில் ஏறாமல் திரும்பினால் மும்பையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். இன்றைய மத்தியப் பாதை அதன் வாரிசு. மேற்குப் பாதை சர்ச்கேட்டில் தொடங்குகிறது, மத்தியப் பாதையும் ஹார்பர் பாதையும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்ற சி.எஸ்.எம்.டி.யில்.

முதல் பயணத்தை வார நாளில் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு முதல் பதினொன்று வரை தெற்கே போகும் வண்டிகளிலும், மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை வடக்கே போகும் வண்டிகளிலும் ஏறுவதை வீரமாக நினைக்க வேண்டாம். அது அந்த மக்கள் தினமும் படும் பாடு. வேடிக்கை பார்க்க வந்த நாம் அங்கே ஓர் ஆளின் இடத்தை அடைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

நடைமேடையின் மின்பலகையில் கடைசி நிலையம், வண்டி வர இருக்கும் நேரம், ஸ்லோவா ஃபாஸ்டா, எத்தனை பெட்டி என்பது வரும். ஸ்லோ எல்லா நிலையத்திலும் நிற்கும். ஃபாஸ்ட் பல நிலையங்களைத் தாண்டிவிடும். புதியவர்களுக்கு ஸ்லோதான். பக்கத்தில் இறங்க வேண்டியவர் கூட்ட நேரத்தில், தொலைவில் இருக்கும் விராருக்குப் போகும் ஃபாஸ்டில் ஏறவே கூடாது. இறங்க வழியும் கிடைக்காது, உள்ளே இருப்பவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கும்.

முதல் வகுப்புப் பெட்டியும் இரண்டாம் வகுப்புப் பெட்டியும் வெளியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். சாய்கோடுகள் போட்டிருப்பது முதல் வகுப்பு. இதைக் கவனிக்காமல் இரண்டாம் வகுப்புச் சீட்டோடு ஏறினால் அபராதம். மகளிர் பெட்டி, மாற்றுத்திறனாளிகள் பெட்டி எல்லாவற்றுக்கும் தனிக் குறி உண்டு, ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பையை முதுகில் மாட்டாமல் மார்பில் மாட்டுங்கள். இறங்கும் நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகருங்கள். முன்னால் நிற்பவரிடம் “தாதர் உதர்னா ஹை?” (தாதரில் இறங்க வேண்டுமா?) என்று கேட்டால், அவர் இறங்குகிறவரா, வழிவிட வேண்டியவரா என்பது தெரிந்துவிடும். வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்காதீர்கள். அப்படிப் போன உயிர்கள் இந்தப் பாதைகளில் மிக அதிகம்.

படி 4: ஞாயிறு, கோட்டைப் பகுதி நடை

காலை ஏழு மணிக்கு சி.எஸ்.எம்.டி. வாசலில் நில்லுங்கள். பழையவர்கள் இன்னும் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) என்றே சொல்வார்கள். ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைப்பில் 1878இல் கட்டத் தொடங்கி, விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டான 1887இல் திறந்தார்கள். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. எல்லோரும் முழுக் கட்டடத்தையும் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று துண்டு துண்டாகப் பாருங்கள். வாயில் தூண்களின் மேலே ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி: இங்கிலாந்தும் இந்தியாவும். குவிமாடத்தின் உச்சியில் ‘முன்னேற்றம்’ என்ற பெண் சிலை. சுவரெங்கும் கல்லில் மயில், குரங்கு, இலை, கொடி. எதிரே இருக்கும் மாநகராட்சிக் கட்டடமும் ஸ்டீவன்ஸ் கை வேலைதான்.

அங்கிருந்து தாதாபாய் நவ்ரோஜி சாலையின் தூண் வரிசைக்குக் கீழே தெற்கே நடந்தால் ஃபுளோரா நீரூற்று. கிழக்கே திரும்பினால் ஹார்னிமன் சர்க்கிளின் வட்டப் பூங்கா, அதன் முன்னே நீண்ட படிக்கட்டுகளோடு 1833இல் கட்டி முடித்த டவுன் ஹால். அந்தப் படிகளில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு காலா கோடா பக்கம் வாருங்கள். இளநீல நிறத்தில் நிற்கும் யூத ஜெபக்கூடம் 1884இல் கட்டியது.

இந்த நடையின் உச்சம் ஓவல் மைதானம். நடுவில் நின்று கிழக்கே பாருங்கள்: உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் கோபுரம் என்று கூர்முனைகளோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு நிற்கும். மேற்கே திரும்புங்கள்: வளைந்த பால்கனிகளும் வழவழப்பான சுவர்களுமாக 1930களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள். ஒரு மைதானத்தின் இரண்டு கரையில் இரண்டு காலங்கள். இந்தத் தொகுப்பை 2018இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ராஜாபாய் கோபுரத்தைக் கட்டப் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர், பெயர் அவருடைய தாயாருடையது. ஞாயிறு காலையில் மைதானம் முழுக்க ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். யார் எந்த ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்பது ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

வெயில் ஏறியதும் 1922இல் மக்களுக்குத் திறந்த பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். இப்போது அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரஹாலயா. அதை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் கேட்வே ஆஃப் இந்தியாவையும் வடிவமைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பிய அந்த வாயில் 1924இல் முடிந்தது. 1948 பிப்ரவரி 28 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு அதே வாயில் வழியாகவே வெளியேறியது. பின்னால் இருக்கும் தாஜ் ஹோட்டல் 1903இல் திறந்தது, அதாவது வாயிலைவிட மூத்தது.

படி 5: திங்கள், சர்ச்கேட்டிலிருந்து மலபார் ஹில் வரை

பதினொன்றரை மணிக்குச் சர்ச்கேட் நிலையத்துக்கு வெளியே டப்பாவாலாக்கள் வந்து இறங்குவார்கள். புறநகர் வீடுகளில் வாங்கிய சாப்பாட்டுப் பாத்திரங்களை நடைபாதையில் வைத்துப் பிரித்து, அலுவலக வாரியாக அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிய ஏற்பாடு. மூடியில் இருக்கும் சில எழுத்தும் எண்ணும் நிறமும்தான் முகவரி. கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் கூடியதால் இவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இன்னும் பார்க்க முடிகிறபோதே பார்த்துவிடுங்கள். ஓரமாக நில்லுங்கள், கேள்வி கேட்டு நிறுத்தாதீர்கள். நிமிடக் கணக்கில் ஓடும் வேலை அது.

பன்னிரண்டரைக்கு அங்கேயே ஸ்லோ வண்டியில் ஏறி மஹாலக்ஷ்மியில் இறங்குங்கள். நிலையத்துக்கு வெளியே மேம்பாலத்திலிருந்து பார்த்தால் தோபி காட்: வரிசை வரிசையாகக் கல் தொட்டிகள், மேலே நிறம் பிரித்து உலரும் துணிகள். பாலத்தில் நின்று பார்ப்பதே போதும், அது பலருடைய வீடும்கூட.

ஹாஜி அலி தர்கா அங்கிருந்து பக்கம்தான். கடலுக்குள் ஒரு திட்டில், 1431இல் எழுந்த அடக்கத்தலம். கரையிலிருந்து போகும் ஒற்றைப் பாதை கடல் ஏற்றத்தில் முழுகிவிடும். அதனால் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் காலையிலேயே இணையத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப மற்றவற்றை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

மாலை நான்கு மணிக்கு டாக்சி பிடித்து மலபார் ஹில்லின் வால்கேஷ்வர் பகுதிக்குப் போங்கள். மும்பையில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் பாணகங்காவைத்தான் சொல்வேன். கோடீஸ்வரர்களின் அடுக்குமாடிகளுக்குக் கீழே, கடலுக்கு வெகு அருகிலேயே ஒரு நல்ல தண்ணீர்க் குளம். சிலாகார மன்னர்கள் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அமைந்தது. சீதையைத் தேடி வந்த ராமர் தாகத்துக்கு அம்பு எய்து வரவழைத்த தண்ணீர் என்பது ஐதீகம். அவர் மணலில் பிடித்த லிங்கம்தான் வாலுகேஸ்வரர். ராமேஸ்வரத்தின் மணல் லிங்கத்தை வணங்கி வளர்ந்த நமக்கு, இதே கதை மேற்குக் கடற்கரையிலும் இருப்பதைக் காண்பது மனதை என்னவோ செய்யும். குளத்தைச் சுற்றிப் படிகள், சின்னச் சின்னக் கோயில்கள், தீபத் தூண்கள், வாத்துகள். அவசரப்படாமல் ஒரு சுற்று வாருங்கள்.

இருட்டும் முன் மேலே கமலா நேரு பூங்காவுக்கு ஏறுங்கள். அங்கிருந்து மரைன் டிரைவின் வளைவு முழுதாகத் தெரியும். விளக்குகள் எரியத் தொடங்கும்போது ‘ராணியின் அட்டிகை’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். பிறகு கிர்காவ் சௌபாட்டி கடற்கரைக்கு இறங்கி பேல்பூரி சாப்பிட்டுவிட்டு, கடல் சுவரை ஒட்டித் தெற்கே முடிந்தவரை நடங்கள். முழு நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

படி 6: செவ்வாய், எலிஃபண்டா

கேட்வேயிலிருந்து காலை ஒன்பது மணியளவில் கிளம்பும் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரு மணி நேரப் பயணம். போக வர ஒரே சீட்டாகத் தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். தீவில் இறங்கியதும் சுமார் 120 படி ஏற வேண்டும். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்.

ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் மலையைக் குடைந்து செய்த சிவன் கோயில் இது. முதல் குகைக்குள் நுழைந்ததும் உடனே முன்னேறாமல், கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். வாசலில் வலப்புறம் நடராஜர், இடப்புறம் யோக நிலையில் சிவன். நாம் அறிந்த சோழர் செப்புத் திருமேனிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஆடல் இது. கைகால்கள் சிதைந்தும் உடலின் வளைவு அப்படியே இருக்கிறது.

நேரே தெற்குச் சுவரில் சுமார் இருபதடி உயர சதாசிவம். பலரும் மும்மூர்த்தி என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றுமே சிவனின் முகங்கள். நம் இடப்பக்கத்து முகம் அகோரம், பாம்பும் சினமுமாக. வலப்பக்கத்து முகம் வாமதேவம், தாமரையோடு பெண்மையின் சாயலில். நடுவில் கண்மூடிய அமைதி. அகோரத்தையும் வாமதேவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடுமுகத்துக்கு வாருங்கள். அந்த அமைதிக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இடப்புறச் சுவரில் அர்த்தநாரி, வலப்புறம் கங்காதரர். இன்னும் கயிலையைப் பெயர்க்கும் ராவணன், அந்தகாசுர வதம், திருக்கல்யாணம். தேவாரத்தில் கேட்ட காட்சிகளெல்லாம் இங்கே சுவர் சுவராக இருப்பதால் ஒரு தமிழ் வாசகருக்கு வழிகாட்டி தேவையே இல்லை. குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். மற்ற குகைகள் முடிவுறாதவை, வேகமாகப் பார்த்துவிடலாம்.

தீவுக்குப் பெயர் தந்த கல் யானை இப்போது அங்கே இல்லை. பைக்குல்லாவில் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கிறது.

படி 7: புதன், கான்ஹேரியும் மாட்டுங்காவும்

காலையில் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்குப் போகும் வண்டி கூட்டத்துக்கு எதிர்த் திசை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நகர எல்லைக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு, சிறுத்தைகள் வாழ்கிற காடு. வாசலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கான்ஹேரி: ஒரே பாறை மலையில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள். மூன்றாம் குகையின் தூண் மண்டபத்தைப் பார்த்த பிறகு, மேலே ஏறித் தண்ணீர் ஏற்பாட்டைக் கவனியுங்கள். துறவிகளின் அறைகளை ஒட்டித் தொட்டிகள், மழைநீரை அவற்றுக்குக் கொண்டுவரப் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால்கள். எனக்குச் சிற்பங்களைவிட அதுதான் பெரிய வியப்பு.

திரும்பும் வழியில் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் இறங்கி மாட்டுங்காவுக்குப் போங்கள். மல்லிகைச் சரம், வாழையிலை, ஃபில்டர் காபி, கோயில் என்று தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பேணிவரும் பகுதி. பக்கத்தில் தாராவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் வேரூன்றிய இடம், தமிழ்ப் பலகைகளை இன்றும் காணலாம். தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் அவர் வீட்டுக்கு விருந்தினராகப் போங்கள். ஏழ்மையைப் பார்க்கக் கூட்டமாகப் படமெடுத்துக்கொண்டு நுழைவதில் எனக்கு உடன்பாடில்லை.

சாப்பாடு

வடா பாவ் நிலைய வாசலில், கூட்டம் நிற்கும் கடையில், சூடாக, காய்ந்த பூண்டுச் சட்னியோடு சாப்பிட வேண்டும். காலையில் ஓர் இரானி கஃபேக்குப் போய் பன் மஸ்காவும் சாயாவும் சொல்லுங்கள். பன்னைச் சாயாவில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் முறை. தோபி தலாவில் இருக்கும் கயானி 1904இல் தொடங்கியது. மீன் பிடிக்கும் என்றால் மொறுமொறுவென்று பொரித்த பொம்பில். மிசல் பாவின் காரம் நமக்கே கொஞ்சம் அதிகம்தான், பக்கத்தில் மோர் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை விட்டுவிடலாம்

நடிகர் வீட்டு வாசலில் காத்திருப்பது. பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்துக்காகவே தனிப் பயணம்: நடந்து போக அனுமதி இல்லை, காரில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால் போதும். ஜுஹு கடற்கரையும் மரைன் டிரைவைப் பார்த்தவருக்கு அவசியமில்லை.

திரும்பும் நாள்

சீட்டில் இருக்கும் நிலையத்தின் பெயரை முதல் நாளே பார்த்துவிடுங்கள். லோக்மான்ய திலக் டெர்மினஸ், குர்லா லோக்கல் நிலையம் இரண்டும் வேறு வேறு. டெர்மினஸுக்கு ஹார்பர் பாதையின் திலக் நகர்தான் பக்கம். மாலை வண்டி என்றால் பெட்டிகளோடு லோக்கலில் ஏற வேண்டாம். டாக்சியில் நான்கு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். தாதரில் ஏறுகிறவர்கள் கவனிக்க: 2023 டிசம்பரில் நடைமேடைகளுக்குத் தொடர் எண் போட்டுவிட்டார்கள். 1 முதல் 7 வரை மேற்குப் பாதை, 8 முதல் மத்தியப் பாதை. பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் உறவினர் சொல்வதைவிட, நிலையப் பலகையில் வருவதை நம்புங்கள்.